ஓரம் வெட்டாத கேக்

— மறுபடியும் கேக் பெட்டியை மூடிட்டியா வாலு? திறந்தே இருக்கட்டும்னு சொன்னேனே.

— ஈ மொய்க்கும் அண்ணி.

— இந்தக் குளிர்ல ஈ போர்வை போத்திக்கிட்டு வருமா? திற. வர்றவங்க கண்ணுல படட்டும். யாராவது ஒருத்தர் 'அட, இது எங்க வீட்டுது'ன்னு சொல்லிடுவாங்க.

— காலையிலேருந்து பாதி ஊரு வந்து பாத்துட்டுப் போயிருச்சு, ஒருத்தரும் சொல்லல. விடுங்க. தட்டெல்லாம் காலி, கண்ணாடி அலமாரி தொடைச்சாச்சு, அடுப்பு அணைச்சாச்சு, வருஷக் கடைசி லீவு விட்டாச்சு. ஒரே ஒரு கேக்குக்காக ஷட்டரை இறக்காம நிக்கணுமா?

— எப்படியும் கட்டட ஓனர் வர்ற வரைக்கும் நிக்கத்தானே போறோம். அடுத்த வருஷமும் கடை நமக்கு வேணுமா வேண்டாமான்னு இன்னைக்குச் சொல்லியாகணும். இல்லேன்னா பக்கத்து மருந்துக் கடைக்காரர் இடத்தைக் கேக்கறாராம். அவருக்குக் கொடுத்துடுவார்.

— வேணும்னு சொல்லிடுங்க.

— நீ?

— நான் என்ன சொல்ல? நீங்க சொன்னா சரிதான்.

— போன வருஷம் நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீதான் 'வேணும், வேணும்'னு முந்திக்கிட்ட.

— அதான் இந்த வருஷம் உங்க முறை.

— ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணும் இல்ல. போன்ல இந்தக் கேக்கைச் சொன்னது ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?

— எத்தனை தடவை கேப்பீங்க? ரெண்டுக்கும் நடுவுல. சளி பிடிச்ச மாதிரி.

— நேத்து பொம்பளைன்னு சொன்ன.

— சளி பிடிச்ச பொம்பளை.

— எனக்கு போன் அடிச்ச சத்தமே கேக்கல.

— நீங்க உள்ள மாவு மெஷினை ஓட விட்டிருந்தீங்க. இடி விழுந்தாலும் கேக்காது.

— சரி. பேரு கேக்க மறந்துட்ட. ஆனா நாலு பன் எடுத்து வைக்கச் சொல்லிட்டு வராதவனையே போன் போட்டுப் போட்டு உயிரை எடுப்ப. இந்தக் கேக்குக்கு மட்டும் உனக்குக் கோவமே வரலையே.

— லீவு அண்ணி. கோவத்துக்கும் லீவு கொடுத்திருக்கேன். ஐயோ, டெய்லர் மாமா வர்றார். அவர்கிட்ட இதை ஆரம்பிச்சுடாதீங்க. புத்தாண்டு வரைக்கும் இங்கயே உக்காந்துடுவார்.

— வாங்க டெய்லரண்ணே.

— வந்துட்டேன் பேக்கரியம்மா. பொண்ணு, மாப்பிள்ளை, பேரப் பசங்க, எல்லாம் இறங்கியாச்சு. வாசல் பூரா செருப்பு. என் செருப்பு எதுன்னு தெரியாம மாப்பிள்ளையோடதைப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன், பாருங்க, கால் நீச்சலடிக்குது. ரொட்டி இருக்கா, இல்ல பாப்பா எல்லாத்தையும் தின்னுருச்சா?

— உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன் மாமா. இந்தாங்க. சீக்கிரம் போங்க, மாப்பிள்ளை வெறுங்காலோட தேடுவார்.

— தேடட்டும். இதென்ன, ஒரு கேக் மட்டும் தனியா உக்காந்திருக்கு? என்ன எழுதியிருக்கு... 'போயிட்டு வரேன்'. யாரு போறா?

— அதைத்தான் நாங்களும் கேட்டுக்கிட்டு இருக்கோம் அண்ணே. போன்ல யாரோ சொன்னாங்களாம், வாலுதான் எடுத்தா. நேத்து நான் பண்ணி எழுதி வச்சேன். இன்னும் வாங்க வரல.

— இதுல என்ன பெரிய யோசனை? நான் சொல்றேன் கேளுங்க. பேங்க் மேனேஜருக்கு மாத்தல் வந்திருக்கு, ஊருக்கே தெரியும். ஆபீஸ்காரங்க அவருக்குச் சொல்லியிருப்பாங்க.

— அப்படின்னா 'போயிட்டு வாங்க'ன்னுல்ல இருக்கணும்? 'போயிட்டு வாங்க'ன்னு சொல்றது இங்கயே இருக்கறவங்க. இது போறவங்க பேச்சு. யாரு கிளம்பறாங்களோ அவங்களேதான் இந்தக் கேக்கைச் சொல்லியிருக்காங்க.

— அட, அளவு எடுத்த மாதிரி சொல்றீங்க. அப்போ மேனேஜரே சொல்லியிருப்பார்.

— அந்த ஆபீஸ்ல எத்தனை பேர் அண்ணே? இது ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர் சாப்பிடற அளவு. யாரோ ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போறதுக்குப் பண்ணது.

— அப்போ கதையே வேற. நான் சொல்றேன் கேளுங்க. கண்ணாடிக் கடைக்காரர் பொண்ணு யாரையோ விரும்புதாம். என் கடையில ரெண்டு புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கு, அவசரமா வேணுமாம். எதுக்கு அவசரம்? சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பப் போகுது, அதான்.

— மாமா, வீட்டை விட்டு ஓடறவ கேக் ஆர்டர் கொடுத்துட்டா ஓடுவா? மைக் வச்சுச் சொல்லிட்டு ஓடற மாதிரில்ல இருக்கு.

— பாப்பாவுக்கு இன்னைக்கு வாய் ரொம்ப நீளம். சரி பேக்கரியம்மா, உங்க கணக்கு என்ன?

— இருங்க, இன்னொண்ணு இருக்கு. ஓரம் வெட்டக் கூடாதுன்னு சொன்னாங்களாம்.

— எந்த ஓரம்?

— பாத்தியா வாலு, எந்த ஓரம்னு கேக்கறார். எத்தனை வருஷமா அண்ணே எங்க கடைக் கேக் சாப்பிடறீங்க?

— உங்க வீட்டுக்காரர் அடுப்புல நின்ன காலத்துலேருந்து. நல்ல மனுஷன், இப்படி வண்டியோட போய்ச் சேருவான்னு யாரு கண்டா.

— கேக் வெந்து ஆறினதும் சுத்தி ஓரத்தைக் கத்தியால சீவிட்டுத்தான் மேல கிரீம் தடவுவேன். அது உங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு எப்படித் தெரியும்? நீங்க எங்கிட்ட வாங்கின சட்டையில உள்தையல் எங்க ஓடுதுன்னு கேட்டா சொல்வீங்களா?

— அதேதான். வாங்கிச் சாப்பிடறவங்களுக்கு ஓரம்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. வெட்டறதைப் பாத்தவங்கதான் வெட்டாதேன்னு சொல்ல முடியும்.

— அப்போ உங்க அடுப்படிக்குள்ள வந்து போற ஆளு. மாவு மூட்டை இறக்கறவரா?

— அவர் வாசல்லயே இறக்கிட்டுப் போயிடுவார்.

— நீங்க மாவு பிசையற ஆளே இல்ல பேக்கரியம்மா. லீவு முடியட்டும், என் கடையில காணாமப் போன கோட்டுத் துணியை நீங்கதான் கண்டுபிடிச்சுத் தரணும். நான் நாலு பேர்கிட்டயும் சொல்லி வைக்கறேன், எது தொலைஞ்சாலும் பேக்கரிக்குப் போங்கன்னு. ஏன் பாப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— அடுப்புச் சூடு மாமா.

— அடுப்பு அணைச்ச மாதிரில்ல இருக்கு? சரி, சரி, நான் எதுக்கு நடுவுல. பசங்க ரொட்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கும். போயிட்டு வரேன்மா. பாருங்க, எனக்கும் அதே வார்த்தைதான் வாயில வருது.

— போயிட்டு வாங்க அண்ணே. பாத்து, படியில செருப்பு வழுக்கப் போகுது.

— நல்ல மனுஷன். பேச்சுதான் கொஞ்சம் அதிகம், இல்ல அண்ணி?

— அந்த ஈரத் துணியைக் கீழ வை வாலு. தொடைச்ச இடத்தையே தொடைக்கற.

— கறை இருக்கு.

— இல்ல. நம்ம அடுப்படிக்குள்ள வந்து போற ஆளு யார் யாரு? உங்கண்ணன் இருந்தார். அப்புறம் நான். நான் யாருக்கும் போன் பண்ணல.

— அண்ணி.

— சொல்லு.

— எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?

— அதை விடு. எங்க போற?

— என்கூடப் படிச்சாளே, குட்டைச்சடை, அவ மலைப் பக்கம் செடி வளர்த்து விக்கறா. நாத்து, பூச்செடி, கொடி எல்லாம். கூட ஒரு ஆள் வேணுமாம். நாளைக்குக் காலையில பஸ்.

— நாளைக்கா.

— தினமும் சொல்லணும்னு வாயைத் திறப்பேன் அண்ணி. உடனே நீங்க 'அந்தத் தட்டை எடு'ன்னுவீங்க. தட்டை எடுத்துடுவேன். அன்னைக்கு நாள் அதோட போயிடும்.

— அதனால என் கையாலயே எழுத வச்சிட்ட.

— நேர்ல சொன்னா அழுதுடுவீங்கன்னு பயம். அழாம, 'சரி, நல்லா இரு'ன்னு சொல்லிட்டீங்கன்னா அதைவிடப் பயம். போன் வந்துச்சுன்னு சும்மா சொன்னேன். யாரும் வாங்க வரலேன்னா நீங்க பிரிச்சுச் சாப்பிடுவீங்க, அப்பவாவது புரியும்னு நினைச்சேன். இப்போ சொல்லிப் பாத்தா எனக்கே அசட்டுத்தனமா இருக்கு.

— செடின்னா உனக்கு அவ்வளவு பிடிக்குமா? ஒரு தொட்டிகூட நீ வச்சு நான் பாத்ததில்ல.

— செடிக்காக இல்ல. திட்டாதீங்க. எனக்கு மாவு வாசனை பிடிக்காது அண்ணி. எப்பவுமே பிடிச்சதில்ல. குளிச்சாலும் தலையில நிக்குது. அப்புறம் இந்த வெளிச்சம். நாம இருட்டுல உள்ள வர்றோம், நிமிந்து பாத்தா வெயில் ஏறிடுது. நடுவுல வெளிய என்ன நடக்குதுன்னே எனக்குத் தெரியல. விடியறதை ஒருநாள் நின்னு பாக்கணும்போல இருக்கு. இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பீங்க.

— கேக்கல. நான் வேற ஒண்ணு நினைச்சுக்கிட்டு இருக்கேன். உங்கண்ணன் போனதும் கடையை மூடிடலாம்னுதான் இருந்தேன். நீ மேல ரூம்ல சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த. உனக்கு ஒரு பிடிப்பு வேணுமேன்னுதான் திறந்தேன்.

— நீங்க சாப்பிடாமக் கொள்ளாம படியில உக்காந்திருந்தீங்க. உங்களை எழுப்பணும்னுதான் நான் கவுண்டர்ல வந்து நின்னேன்.

— நல்லா நின்னோம் போ, ரெண்டு பேரும்.

— சிரிக்கறீங்களா?

— வேற என்ன பண்ண? முதல் வருஷம் நினைச்சுப் பாரு. அதுவரைக்கும் நான் கேக் மேல பேரு எழுதறதோட சரி. அந்த அடுப்போட சூடு எனக்குப் பிடிபடவே இல்ல.

— எதை வச்சாலும் ஓரம் கருகும். ஊருக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்க சீவிச் சீவிப் போட, ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே தின்னு தீர்ப்போம். அப்புறம் கருகறது நின்னு போச்சு. நீங்க சீவறதை மட்டும் நிறுத்தல. இன்னைக்கு வரைக்கும் ஓரம்தான் உங்க காலைச் சாப்பாடு. ஊருக்கெல்லாம் கேக் பண்றீங்க, உங்களுக்குன்னு ஒரு முழுக் கேக் வந்து நான் பாக்கல. அதான் ஓரத்தை வெட்டாதீங்கன்னு சொன்னேன். அதுலதான் மாட்டிக்கிட்டேன்.

— மாட்டிக்கிட்டதுல ஒண்ணும் தப்பில்ல.

— ஓனர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க அண்ணி? எனக்கு அதுதான் பயம். நான் போறதால நீங்க கடையை விட்டுட்டீங்கன்னா, அங்க என்னால ஒரு செடிக்கும் தண்ணி ஊத்த முடியாது. பஸ்ஸை விட்டே இறங்கிடுவேன்.

— விட மாட்டேன்.

— எனக்காகச் சொல்லாதீங்க.

— உனக்காக இல்ல. அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன். வாலுக்காக, வாலுக்காகன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்காகன்னு சொல்லக் கூச்சமா இருந்திருக்கு. புருஷன் போனப்புறம் அவர் அடுப்புல நின்னு எனக்குச் சந்தோஷமா இருக்குன்னு எப்படிச் சொல்றது? ரொட்டி வெளிய வந்ததும் அடியில தட்டிப் பாப்பேன்ல, உள்ள காலியா ஒரு சத்தம் வரும். வெந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் எழுந்திருக்கேன். உன்னை எழுப்பறதுக்காக இல்ல. ஓனர் வரட்டும், கடை எனக்கு வேணும்னு நானே சொல்றேன். கவுண்டருக்கு யாரையாவது பாத்துக்கலாம். வாய் கொஞ்சம் கம்மியான ஆளா.

— கிடைக்க மாட்டாங்க. இந்த ஊர்ல டெய்லர் மாமாவே கம்மி.

— மேல உன் ரூம் அப்படியே இருக்கட்டும். அலமாரியில எதையும் தொட மாட்டேன். போர்வையை மட்டும் அப்பப்போ வெயில்ல போடறேன். கோடையில செடி வியாபாரம் அவ்வளவா இருக்காதுல்ல? அப்போ ஒரு வாரம் வந்துட்டுப் போகலாம். இல்ல, எப்போன்னு இப்பவே சொல்ல வேண்டாம். வரேன்னு எழுதியிருக்கு, அது போதும்.

— அண்ணி, கொஞ்சம் நிறுத்துங்க.

— என்ன?

— அண்ணன் அன்னைக்கு ரொட்டியை ஏத்திக்கிட்டு வண்டியை எடுத்தப்போ என்ன சொன்னான்?

— உனக்குத் தெரியாதா? நீயும்தான் பக்கத்துல நின்ன.

— வரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறது நம்ம வீட்டுல ஒரு தடவை போதும். திரும்பி வருவேனா மாட்டேனான்னு சத்தியமா எனக்குத் தெரியல. அதனால அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்ல. 'போறேன்'னு எழுதணுமாம்னுதான் உங்ககிட்ட சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காலையில பெட்டியைத் திறந்து பாத்தா 'போயிட்டு வரேன்'னு இருக்கு. அதான் திரும்பத் திரும்ப மூடினேன். மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சுல்ல, உங்களுக்குத் தப்பாக் கேட்டிருக்கும்.

— இல்ல வாலு. சரியாத்தான் கேட்டுச்சு.