தையலுக்கு விட்ட ஒரு இஞ்ச்

— டேப்பை எடுத்துக்கிட்டு காலங்காத்தால தோட்டத்துல என்ன பண்ற?

— ஒண்ணுமில்ல அண்ணி. சும்மா...

— சும்மாவா? அந்தப் பாம் செடிக்கு பிளவுஸ் அளவு எடுக்கற மாதிரி இருக்கு.

— ஐயோ, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க? கழுத்துல தையல் பிரிச்சு ரெண்டு வாரம்கூட ஆகல.

— தையல் கழுத்துலதான? காலு நல்லாத்தான் இருக்கு. சொல்லு, எத்தனை இஞ்ச்?

— எது?

— குருத்து. நீ தினமும் வந்து அளக்கறதை ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— ...பதினாலேகால்.

— நேத்து?

— பதினாலு.

— பரவால்லியே! நீ பிளவுஸ் தைக்கிற வேகத்துக்கு இது எவ்வளவோ தேவலாம்.

— காலையிலயே ஆரம்பிச்சுட்டீங்களா?

— பின்ன? இந்த மாடிப் படிக்கட்டுக்கு அடியில பாரு, துணி மூட்டை ஏறிக்கிட்டே போகுது. நாளுக்கு ஒண்ணு தூக்கிட்டு வர்ற. தைச்சு வெளிய போனதை நான் பாக்கவே இல்ல.

— அதெல்லாம்... அவசரமில்லாத துணி.

— நாப்பத்தஞ்சு வயசுல இவ்வளவு நிதானம் ஆகாது டெய்லரம்மா. உங்க அண்ணன் இருந்திருந்தா சொல்லியிருப்பாரு, என் தங்கச்சிகிட்ட துணி குடுத்தா அவங்க பொண்ணுக்குத்தான் அளவு சரியா இருக்கும்னு.

— அவர் சட்டையையும் நான்தான் தைச்சேன். நல்லாத்தான் போட்டுக்கிட்டு சுத்துனாரு.

— சுத்துனாரு, சுத்துனாரு. ...சரி, இந்த நாற்காலியை இந்தப் பக்கம் இழு. குருத்தைப் பாத்த மாதிரி உக்காந்துக்கறேன்.

— அண்ணி...

— ம்?

— இன்னைக்குப் போய் ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்துடலாமா?

— இல்ல.

— இன்னும் எத்தனை நாளைக்கு? கட்டியை எடுத்து இருபத்தி மூணு நாள் ஆச்சு. அது சாதா கட்டியா, இல்ல...

— சொல்லு. வாயில வந்ததை ஏன் முழுங்கற?

— சாதா கட்டியா, இல்லியான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?

— ஆபரேஷன் ரூம் வாசல்ல உன்கிட்ட என்ன சொன்னேன்?

— மறக்க முடியுமா? சக்கரம் வெச்ச கட்டில்ல படுத்துக்கிட்டு, என் கையைப் பிடிச்சு... இந்தத் தடவை குருத்து சிவப்பா விரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்னு சொன்னீங்க.

— அப்ப விரியட்டும். அப்புறம் போவோம்.

— எவ்வளவு படிச்சவங்க நீங்க! ஆபீஸ்ல முப்பது பேரை மேய்ச்சீங்க. ஒரு செடியைப் போய்...

— அந்தக் கட்டில்ல படுத்துப் பாரு. அப்ப தெரியும், எதையெல்லாம் பிடிச்சுத் தொங்கத் தோணும்னு. மேல லைட்டு ஒண்ணொண்ணா பின்னாடி போகுது. யாரோ ரெண்டு பேர் நேத்து பாத்த கிரிக்கெட்டைப் பேசிக்கிட்டே என்னைத் தள்ளிட்டுப் போறாங்க. எனக்கு இந்தச் செடிதான் ஞாபகம் வந்துச்சு. அஞ்சு வருஷமா, புது இலை செக்கச்செவேல்னு வரும்னு நர்சரிக்காரர் சொன்னதை நம்பி வளக்கறேன். வர்றதெல்லாம் பச்சை.

— சின்னச் செடியா இருக்கறப்ப சிலது அப்படித்தான் வருமாம், வளர வளரத்தான் சிவக்குமாம். நான் கேட்டேன்.

— யார்கிட்ட?

— அதே நர்சரிக்காரர்கிட்ட.

— நீ எப்ப நர்சரிக்குப் போன?

— ...போனேன். ஒரு நாள்.

— எதுக்கு?

— நூல் வாங்கப் போனப்ப வழியில இருந்துச்சு.

— நூல் கடை கிழக்க இருக்கு. நர்சரி மேற்கால இருக்கு.

— அண்ணி, காபி கொண்டு வரவா?

— உக்காரு. ...பச்சையாவே விரிஞ்சா என்ன பண்ணுவேன்னு கேக்கமாட்டியா?

— பச்சையா விரியாது.

— அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்ற?

— சும்மா... தோணுச்சு.

— உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? வெயிலே இன்னும் சுவர் தாண்டல.

— எனக்கு எப்பவும் வேர்க்கும்.

— சரி. இங்க வா. கிட்ட வந்து பாரு. குருத்துக்கு இந்தப் பக்கம், இது என்ன?

— எது?

— என் விரல் இருக்கே, அங்க. ஒரு காம்பு நிக்குது, மேல இலை இல்ல. அது எங்க போச்சு?

— ...காத்துல ஒடிஞ்சிருக்கும்.

— காத்துல ஒடிஞ்சா பிசிறு பிசிறா இருக்கும்.

— அப்ப பூனை.

— பூனையா?

— அந்த மதில் மேல ஒண்ணு உக்காந்திருக்குமே, ஒரு காது கிழிஞ்சது...

— அந்தப் பூனை டெய்லரிங் படிச்சிருக்கோ?

— என்ன அண்ணி...

— நூல் பிடிச்ச மாதிரி நேரா வெட்டியிருக்கு. அடியோட எடுக்காம, தையலுக்கு சரியா ஒரு இஞ்ச் விட்டிருக்கு. இந்த வீட்டுல எந்தப் பூனை தையலுக்கு விட்டு வெட்டும்? உன் பெரிய கத்திரியில நான் ஒரு தடவை பால் கவரை வெட்டுனதுக்கு மூணு நாள் என்கூடப் பேசல நீ. துணியைத் தவிர எதையும் தொடவிடமாட்ட. அது ஓரத்துல பச்சைக் கறை இருக்கு. நான் பாத்தேன்.

— எப்ப பாத்தீங்க?

— ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே. காம்பையும் அன்னைக்கே பாத்தேன்.

— அன்னைக்கேவா? இத்தனை நாளா தெரிஞ்சுக்கிட்டே...

— நீயே சொல்லுவன்னு பாத்தேன்.

— எப்படிச் சொல்றது அண்ணி? எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு... நீங்க அட்மிட் ஆன மூணாம் நாள், துண்டு எடுக்கணும்னு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அதுக்கு முன்னாடிதான் டாக்டர் என்னை மட்டும் ரூமுக்குள்ள கூப்பிட்டுப் பேசுனாங்க.

— என்ன சொன்னாங்க? இதை என்கிட்ட நீ சொல்லவே இல்லியே.

— புதுசா ஒண்ணும் இல்ல. படம் ஒண்ணு காட்டி, இதை இப்பவே எடுத்துடணும், விட்டா பக்கத்துலயும் பரவலாம்னு. சரிங்க, சரிங்கன்னு தலையாட்டுனேன். பஸ்ல உக்காந்தா காதுல அதேதான் கேக்குது... எடுத்துடணும், பரவிடும், எடுத்துடணும். கேட்டைத் திறக்கறேன். இத்தனை பச்சைக்கு நடுவுல இது மட்டும்...

— ம்.

— இது மட்டும் என்னவோ மாதிரி. பளபளன்னு. ரத்தம் கட்டுன மாதிரி.

— என்ன கலருன்னு சொல்லு.

— அதான் சொல்றேனே. சீக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன். அண்ணி ஆசையா வளத்தது, நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன், என் கையில குடுத்தப்புறம் போய் இப்படி ஆகிடுச்சேன்னு. பக்கத்து இலைக்குப் பரவறதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு... உள்ள போய் கையில கிடைச்ச கத்திரியை...

— அடியே, கலரைச் சொல்லு!

— சிவப்பு அண்ணி! சிவப்பு. உங்களுக்கு இன்னும் புரியலியா? குருத்து விரிஞ்சுடுச்சு, சிவப்பா விரிஞ்சுது. அதைத்தான் நான் வெட்டித் தள்ளிட்டேன். மறுநாள் காலையில நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு அப்படிச் சொல்றீங்க... திட்டுங்க. நாலு வார்த்தை திட்டிடுங்க. இருபத்தி மூணு நாளா தூக்கம் இல்ல. ...அண்ணி? அழறீங்களா?

— இல்ல...

— தோளு குலுங்குது.

— சிரிக்கறேன்டி! ஐயோ, கழுத்து இழுக்குது... பரவிடும்னு வெட்டுனாளாம்! அஞ்சு வருஷம் காத்திருந்து வந்த ஒத்தை இலையை, சீக்குன்னு...

— சிரிக்காதீங்க, வலிக்கும்.

— வலிக்கட்டும். உங்க அண்ணன் இருந்திருக்கணும். இதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருப்பாரு.

— நிஜமாவே கோவம் இல்லியா?

— கோவமா? ஒரு இலை வெட்டிட்டன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். பச்சை இலையை வெட்டுனியா, சிவப்பையான்னு தெரியாது. கேக்கவும் பயம். பச்சைன்னு சொல்லிட்டன்னா? ராத்திரியெல்லாம் அந்தக் காம்புதான் கண்ணு முன்னாடி. இப்ப சொல்ற, நான் அந்தக் கட்டில்ல ஏறுறதுக்கு முன்னாடி நாளே அது சிவப்பா விரிஞ்சு நின்னுச்சுன்னு.

— நின்னுச்சு அண்ணி. அவ்வளவு அழகு. எனக்குத்தான் பாக்கத் தெரியல.

— தூக்கிப் போட்டுட்டியா?

— போடல. பிளவுஸ் கட்டிங் வெச்சிருக்கற பிரவுன் பேப்பருக்கு நடுவுல வெச்சிருக்கேன். இப்ப காபி கலருக்கு வந்துடுச்சு. நரம்பு பக்கத்துல மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருக்கு. அந்தக் கலருக்கு நூல் தேடிப் பாத்தேன், எந்தக் கடையிலயும் கிடைக்கல.

— கிறுக்கு.

— அப்புறம்தான் நர்சரிக்குப் போனேன். செடி பொழைக்குமான்னு கேக்க. குருத்தை வெட்டாம இலையைத்தான வெட்டுனீங்க, பயப்படாதீங்க, அடுத்ததும் சிவப்பாத்தான் வரும்னு சொன்னாரு. விரிய மூணு நாலு மாசம் ஆகலாமாம்.

— மூணு நாலு மாசமா?

— ஆமா.

— ...அதுவரைக்கும் நீ இங்க இருக்க முடியாதே.

— ஏன் முடியாது?

— உனக்குன்னு ரூம் இருக்கு, கடை இருக்கு, உன் வேலை இருக்கு. ...இரு, நானும் ஒண்ணு சொல்லணும். அலமாரியில நீலப் புடவைக்கு அடியில ஒரு கவர் இருக்கு.

— என்ன கவர்?

— ரிப்போர்ட். ஒன்பது நாள் ஆச்சு வாங்கி. நீ நூல் வாங்கப் போயிருந்தப்ப ஆட்டோ பிடிச்சுப் போனேன்.

— ம்.

— சாதா கட்டிதானாம். வேற ஒண்ணும் இல்லியாம். மூணு தடவை படிச்சேன், ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டே.

— ம்.

— என்ன 'ம்'? குதிக்க வேண்டாமா நீ? இல்ல, கத்தவாவது கத்து. குருத்து விரியட்டும்னு கதை சொல்லி உன்னை ஒன்பது நாள் ஏமாத்தியிருக்கேன்.

— ஏன் அண்ணி மறைச்சீங்க?

— ...உங்க அண்ணன் இருந்தவரைக்கும் வாரத்துக்கு மூணு நாள் வருவ. அவர் போனப்புறம் ரெண்டு வருஷத்துல எத்தனை தடவை வந்த? நாலு. எண்ணி வெச்சிருக்கேன். அவர் வழியா வந்த சொந்தம், அவரோட போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்.

— அது அப்படி இல்ல. வந்தா, எதையோ எதிர்பாத்து வர்றேன்னு நீங்க நினைச்சுடுவீங்களோன்னு...

— நீ அப்படி நினைப்பன்னு எனக்குத் தெரியாது. நான் இப்படி நினைப்பேன்னு உனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் தனித்தனியா உக்காந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தோம். கழுத்துல கட்டின்னு சொன்னதும் மெஷினைத் தூக்கிக்கிட்டு வந்துட்ட. மறுபடி இந்த வீட்டுல சத்தம் வந்துச்சு. ஒண்ணுமில்லைன்னு சொன்னா மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவியே. அதான். கோவமா?

— இல்ல.

— பின்ன ஏன் அப்படி நிக்கற? கிளம்பணும்னா கிளம்பு. நான் நல்லாத்தான் இருக்கேன்னு பேப்பர்லயே எழுதியிருக்கு. சாப்பிட்டுட்டுப் போ. மெஷின் கனம், நாளைக்கு யாரையாவது...

— அண்ணி, படிக்கட்டுக்கு அடியில இருக்கற மூட்டையில ஒண்ணைப் பிரிங்க.

— ஊரார் துணியை நான் எதுக்குப் பிரிக்கணும்?

— பிரிங்க, சொல்றேன். நாலடிதான இருக்கு. கையைக் குடுங்க... மெதுவா.

— என்ன முடிச்சு போட்டிருக்க, கல்லு மாதிரி... இது உன் போர்வையாச்சே. ...இது உன் ரூம் ஜன்னல்ல தொங்குமே, அந்தத் திரை. ரெண்டு தட்டு. அலாரம் கடிகாரம். ...ஏய், என்ன இதெல்லாம்?

— ஆஸ்பத்திரி ஃபாரத்துல யாரோட போன் நம்பர் எழுதுனோம் அண்ணி? ஒன்பது நாளைக்கு முன்னாடி, நீங்க வாசல்ல நின்னு படிச்சுக்கிட்டிருந்த நேரத்துல நர்ஸ் எனக்குப் போன் பண்ணிட்டாங்க, உங்க அண்ணியே வந்து ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போனாங்க, பயப்பட ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்கன்னு. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இன்னைக்கும் தெரியாத மாதிரி ரிப்போர்ட்டைப் பத்திக் கேட்டேன். போன் வந்த அன்னைக்கு சாயந்தரமே வீட்டுக்காரம்மாகிட்ட ரூமைக் காலி பண்றேன்னு சொல்லிட்டேன். இங்கயே இருந்துடட்டுமான்னு உங்ககிட்ட கேக்க வாய் வரல, அதான் நாளுக்கு ஒரு மூட்டையா... இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.