நின்ற கோலம்

உட்கார்ந்தே பேசலாமா, இன்ஸ்பெக்டர்? சிறிது நேரம் நின்றாலும் எனக்கு முழங்கால் கடுக்கும்.

கடைகளுக்கு உள்ளமைப்பு வரைந்து கொடுப்பது என் தொழில். காலையில் பாசுரம் சேவிக்காமல் பென்சிலைத் தொடமாட்டேன். தாம்பரத்தில் பட்டாபிராமனின் புடவைக் கடையைத் தொண்ணூற்று மூன்றில் வரைந்தபோதும் அப்படித்தான். எம்பெருமானுக்கு நின்றது, இருந்தது, கிடந்தது என மூன்று திருக்கோலங்கள். கடைக்கும் அவையே போதும். புடவை கிடக்கும், வாங்குபவர் மெத்தையில் இருப்பார், விற்பவள் நிற்பாள். விற்பவள் அமர்ந்தால் வாங்குபவர் எழுந்து போய்விடுகிறார். இதைப் பல கடைகளில் கண்டிருக்கிறேன். கடை திறந்த பின்னும், எல்லாம் வரைபடப்படி இருக்கிறதா என்று பார்க்க அங்கே போய்வருவேன்.

விற்பனைப் பெண் கன்னியம்மா ராஜகீழ்ப்பாக்கத்துக்காரி. ஏழு மாதக் கர்ப்பிணி. ஒருநாள் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுவந்து கவுண்டருக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள். எடுக்கச் சொன்னேன்.

"காலு ரெண்டும் தூணாட்டம் வீங்கிக் கீது சார்."

"தூண்னா நிக்கத்தானேம்மா?"

"சிங்கப்பெருமாளே கோயில்ல குந்திக்கினுதான் கீறாரு. எனுக்கு இன்னா, அவர வுட ஒசந்த உத்தியோகமா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் கோபப்படவில்லை. நரசிம்மன் அமர்ந்திருப்பது உண்மைதான். ஆனால் அவன் புடவை விற்பதில்லை. மறுநாள் தச்சரை அழைத்து, அவளுக்குப் பின்னிருந்த அலமாரியை நான்கு அங்குலம் முன்னே தள்ளித் திருகாணியால் இறுக்கச் செய்தேன். அந்த இடைவெளியில் முக்காலி நுழையாது. ஏழு மாதத்து வயிறு, சற்றே முயன்றால், நுழையும்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, உச்சிப்பொழுது. கடையில் எள் விழ இடமில்லை. அவள் மயங்கி அந்த இடுக்கில் விழுந்து செருகிக்கொண்டாள். தூக்குவதற்கு ஒருவராலும் குனிய முடியவில்லை. மூத்த விற்பனையாளர் சுவிசேஷமுத்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

"சார், இந்த அலமாரி நவுருமா?"

நான்கு திருகாணிகள். திருப்புளி என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அலமாரி அசைந்தால், மயில்தோகை போல் விரித்து வைத்திருந்த காஞ்சிப் பட்டுகள் அத்தனையும் சரிந்துவிடும். அதுவும் அவ்வளவு வாடிக்கையாளர் முன்னிலையில்.

"நகராது," என்றேன்.

கவுண்டரை உடைக்க அரைமணி ஆயிற்று. நல்ல தேக்கு. தாயும் பிழைக்கவில்லை, சேயும் பிழைக்கவில்லை.

தெரிந்தே சொன்னீர்களா என்கிறீர்கள். தெரிந்தேதான் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள். கன்னியம்மா நின்றாள், பிறகு கிடந்தாள். இருந்த கோலம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. வரைபடத்தில் அதற்கு இடமில்லை என்று நான் முதலிலேயே பணிவாகச் சொல்லியிருந்தேன்.