வைக்கோல் நிறம்

எந்தச் சுத்தியலைக் கொடுத்தாலும் முதலில் அதன் காம்பை மோந்து பார்ப்பது என் பழக்கம். அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு, இவன் விஷயம் தெரிந்தவன் என்று தோன்றும். பாப்பாரப்பட்டி ராஜாமணியின் எட்டு வருஷச் சர்க்கார் ஊழியமே இப்படி மோந்து பார்த்ததுதான் ஐயா.

நீங்கள் கல் ஆராயும் அதிகாரி. நான் உங்கள் சுத்தியலையும் உளியையும் சுமந்து பழுது பார்க்கிறவன். நீங்கள் கல்லை நாக்கில் வைத்துப் பார்த்தால் நானும் வைப்பேன். ஒருமுறை இரும்புக் கல் என்று உங்களிடம் நீட்டினேன். அது காய்ந்த சாணி. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நக்கிப் பார்த்த பிறகுதான் கொண்டுவந்தேன் என்பதை நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் தை மாதம் சித்தேரி மலையில் முகாம் போட்டோம். யுத்தத்துக்கு வேண்டிய ஈய நிறத் தாது அங்கே இருக்கிறதா என்று நீங்கள் தேடினீர்கள். வழிகாட்ட வந்த தீர்த்தன் சாமை விதைக்கிற ஆள், செருப்புகூடப் போட்டதில்லை. மூன்றாம் நாள் ஓடைக்கரையில் ஒரு வெள்ளைக் கல்லைப் புரட்டி, "இதுல என்னமோ மினுக்குது பாருங்க சாமி" என்றான். நீங்கள் தேடியது அதுதான். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அவனிடம் கொடுத்தீர்கள். முகாம் முடியும்போது எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்றும் சொன்னீர்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

மாசியில் அந்தச் சுத்தியலின் முனை மழுங்கிவிட்டது. வழக்கமாக அரூரில் கவுஸ் பாஷாவின் பட்டறைக்குக் கொண்டுபோவேன். அந்த முறை போகவில்லை. நானே முகாம் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினேன். பெரிய கொல்லன் என்று நினைப்பு. தெரியாத வேலையில் கை வைத்தேன், அவ்வளவுதான். மறுநாள் தீர்த்தன் ஓங்கி அடித்தபோது முனையிலிருந்து ஒரு சில்லு தெறித்து வலது கண்ணில் ஏறியது.

அவனை முதுகில் சுமந்து மலையிறக்கியவன் நான். சேலம் போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் அவன் தலை என் மடியில் இருந்தது. "ராஜாமணிண்ணா, அந்தக் கல்லு மினுக்குச்சுங்க. எடுத்து வச்சீங்களா?" என்று கேட்டான். நான் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன். ஆஸ்பத்திரியில் எடுத்த சில்லை நீங்கள் உங்கள் வழக்கப்படி காகிதத்தில் சுற்றி, கல்லுக்குப் போடுவதுபோலவே எண், இடம், தேதி போட்டு வைத்தீர்கள்.

எல்லாரும் விதி என்றார்கள். வேலை எனக்குத்தான் என்றும் சொன்னார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே புதுச் சட்டைக்குத் துணி பார்த்தேன்.

சித்திரையில் அவன் திரும்பி வந்தான். ஒற்றைக் கண்ணோடு, வந்த அன்றே இன்னொரு இடத்தைக் காட்டினான். நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். என்னிடம் நீங்கள் அப்படிச் சிரித்தது சாணிக்கு மட்டும்தான்.

பாஷா ஒருமுறை என்னைப் பட்டறையில் உட்காரவைத்து விளக்கமாகச் சொல்லியிருந்தார். "செவக்கக் காய்ச்சித் தண்ணில முக்குனா மட்டும் பத்தாது தம்பி. மறுபடி லேசா சூடு காட்டணும், முனையில வைக்கோல் நெறம் ஓடணும். இல்லாட்டி கண்ணாடியாட்டம் செதறும். ஆள் கண்ணு போயிரும்."

இரண்டாவது முறை முனை மழுங்கியபோது அவர் சொன்னதில் பாதியை மட்டும் செய்தேன். தெரிந்தே செய்தேன். வைக்கோல் நிறத்துக்காக நான் காத்திருக்கவில்லை. ஒற்றைக் கண்ணன் கல்லுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோவான் என்பதும் தெரியும். உங்களுக்கு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அதையும் யோசித்தேன், நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. அன்று வயிற்றுவலி என்று கூடாரத்தில் படுத்துச் சுக்குக் கஷாயம் குடித்தேன். கூச்சல் கேட்டதும் முதல் ஆளாக ஓடினேன். இந்த முறை சில்லு ஏறியது அவனுடைய இடது கண்ணில். இப்போதும் அவன் பெண்டாட்டி பழனியம்மாள் எனக்கு மலைத்தேன் கொடுத்தனுப்புகிறாள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

இதோ மேஜைமேல் இரண்டு பொட்டலங்கள். சுத்தியலின் முனையில் நீங்கள் அரத்தை வைத்துத் தேய்த்தீர்கள், கடிக்காமல் வழுக்கியது. மறுசூடு காட்டிப் பதம் இறக்காத எஃகில் அரம் அப்படித்தான் வழுக்கும். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"முதல் தடவை தெரியாமத்தானே செஞ்ச, ராஜாமணி?"

ஆமாம் என்றால் உங்களுக்கு நிம்மதி. எனக்கும்தான், இத்தனை நாளும் அதைச் சொல்லிக்கொண்டுதான் சோறு தின்றேன். இப்போதுகூட, இவ்வளவு நேரமும் உங்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நீங்கள் எதற்கும் தேதி எழுதுகிறவர். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாஷா எனக்கு அதைச் சொன்னது, உங்கள் முதல் பொட்டலத்தில் இருக்கும் தேதிக்கு நான்கு நாள் முன்பு.