காலருக்கு அடியில்

ஹலோ… ஹலோ, மெரிட்? நான்தான்டி, ஸ்லோன்… என்னடி குரல் இது, தகர டப்பாவை உருட்டுன மாதிரி?… ஓ, காய்ச்சல் இன்னும் விடலையா? ஐயோ பாவம். சரி சரி, படுத்துக்கிட்டே கேளு. வருஷம் பூரா ஸ்கூலுக்கு வந்துட்டு, பாத்துப் பாத்து இன்னிக்கா லீவு போடுவ?…

ஆமா… ஆமா, ஓபல் விஷயந்தான். யாரு சொன்னா?… டெஸ்ஸாவா? அவளுக்கு என்ன தெரியும், அவ அந்நேரம் பேண்ட் ரூம்ல ஊதிக்கிட்டிருந்தா. நான் சொல்றேன் கேளு. நான் ஓபலுக்கு நேர் பின்னாடி உக்காந்திருந்தேன்.

வரலாறு பீரியட். கதவு திறக்குது. யாருன்னு பாத்தா ஹால்வர்சன் மேடம். வைஸ் பிரின்சிபாலே நேரா கிளாசுக்கு வந்தா எப்படி இருக்கும்? அவனவன் சட்டையை உள்ள சொருகறான், பெல்ட்டத் தடவிப் பாக்கறான். மேடம் யாரையும் பாக்கல. நேரா ஓபல்கிட்ட போனாங்க. "எழுந்திரு. காலரத் தூக்கு"ன்னாங்க…

இரு, இரு, சொல்றேன். அவ சிரிக்கிறாடி! காலருக்கு அடியில அவ தைச்சு வச்சிருக்குற பூவப் பாக்க மேடம் ஆசப்பட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டா, பைத்தியம். ரெண்டு கையாலயும் காலரத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முதுகக் காட்டித் திரும்பி நின்னா. ஃபோட்டோவுக்கு நிக்கிற மாதிரி…

ம்… பூ இல்ல. எழுத்து. சிவப்பு நூல்ல. "ஹால்வர்சன் புருஷன் செத்துத் தப்பிச்சான்"னு…

ஆமா, அப்படியே. ஒரு எழுத்து விடாம… தெரியும், பிப்ரவரிலதான செத்தாரு. எனக்குத் தெரியாதா, எங்க அம்மாதான் சாவு வீட்டுக்குக் கேக் எடுத்துட்டுப் போனாங்க… மெரிட். மூச்சு விடு. இருமிக்கிட்டே இருந்தா நான் எப்படிச் சொல்றது?

மேடம் அத வாய்விட்டுப் படிச்சாங்கடி. பாதி வரைக்கும். அப்புறம் சத்தம் வரல, உதடு மட்டும் அசையுது. காலியா ஒரு சீட் இருந்துச்சு, அதுல உக்காந்துட்டாங்க. உன் சீட்டுதான். அத்தன பேர் முன்னாடி மூக்கு சிவந்து, கண்ணு வழிஞ்சு… யாருக்கும் எங்க பாக்கறதுன்னு தெரியல. அந்த ஓபல் இன்னும் காலரப் பிடிச்சுக்கிட்டே நிக்கிறா. "என்ன மேடம்? என்ன ஆச்சு மேடம்?"னு. எனக்குச் சிரிப்ப அடக்கவே முடியல, பேனா மூடியக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்…

சிரிக்காம? ஏன், உனக்குச் சிரிப்பு வரல?… சரி, வரலன்னா போ.

அப்புறம் என்ன, ஓபல ஆபீசுக்கு இழுத்துட்டுப் போனாங்க. சட்டையக் கழட்டி வாங்கி ஒரு கவர்ல போட்டு வச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா அந்த டி-ஷர்ட், தெரியும்ல, மஞ்சக் கலரு, கூடாரம் மாதிரி இருக்குமே… ஆமா, "உடை விதியை மீறியவர்"னு நெஞ்சுல அடிச்சிருக்குமே, அதேதான். அதப் போட்டுக்கிட்டு மதியச் சாப்பாட்டு நேரத்துல வராண்டா முழுக்க நடந்து வரணும்…

இல்லடி. அழல. அதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. அழுதா விட்டிருப்பேன், சத்தியமா. அவ என்ன பண்ணா தெரியுமா? பாத்ரூமுக்குப் போயிட்டு வந்தா. கைய ரெண்டு மடிப்பு மடிச்சுச் சுருட்டி விட்டிருக்கா. முன்பக்கம் மட்டும் பேன்ட்டுக்குள்ள சொருகி, மேல அந்தப் பழைய பழுப்பு பெல்ட்டு. அந்தக் கண்றாவி மஞ்சள… நல்லா இருந்துச்சு. சொல்லவே வாய் கூசுது, நல்லா இருந்துச்சு. அவ அத வேணும்னே வாங்கிப் போட்ட மாதிரி நடந்து வரா. ஒன்பதாங் கிளாஸ் பொண்ணுங்க ரெண்டு பேரு கை தட்டுச்சுங்க. கை தட்டுச்சுங்கடி! அப்புறம் ஒவ்வொரு டேபிளா… காலரத் தூக்கி விட்டுக்கிட்டாளுங்க. அவ தைச்சுக் குடுத்த பூ, மீனு, எலுமிச்சம்பழம், எல்லாத்தையும் வெளிய காட்டிக்கிட்டு உக்காந்திருக்காளுங்க…

நான் ஏன் கோவப்படக் கூடாது? சொல்லு. செப்டம்பர்ல வந்தா. அப்பன் தானிய லாரி ஓட்டுறவன், நெடுஞ்சாலை ஓரத்துல தகர வீடு. சர்ச்சுக்குக் கீழ இருக்குற பழைய துணிக்கடையில, செத்துப்போன கிழவனுங்க சட்டையத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு வரா. நானும் அதே விதியிலதான இருக்கேன்? காலர் வச்ச சட்டை, ஒரே கலரு, காக்கி இல்லன்னா நீலம் இல்லன்னா கருப்புப் பேன்ட்டு. என் பேன்ட்டு ஓமஹா சிட்டி வரைக்கும் போய் அளவு குடுத்து வாங்குனது. அதப் பாத்து ஒருத்தியாவது "எங்க வாங்குன"ன்னு கேட்டாளா இந்த வருஷம்?

முதல்ல கழுத்துல டை கட்டிக்கிட்டு வந்தா… ஆமா, மாணவர் குழுவுல நான்தான் சொன்னேன், பொண்ணுங்க டை கட்டக் கூடாதுன்னு எழுதுனாங்க. சரின்னு கழட்டிட்டு ப்ரூச் குத்திக்கிட்டு வந்தா. ஊசி குத்தும், ஆபத்துன்னு அதையும் எடுக்க வச்சேன். அப்புறம் சாக்ஸ். ஒரு காலுக்கு ஒரு கலரு. வெள்ளையும் கருப்பும்தான்னு விதி வந்துச்சு. எவ்வளவு சொன்னாலும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசினாளா? இல்ல. "சரி"ன்னு ஒரு சிரிப்பு. அடுத்த திங்கக்கிழமை காலருக்கு அடியில பூ. மடிச்சு விட்டா யாருக்கும் தெரியாது. தெரியாததுக்கு நான் என்ன விதி போடச் சொல்றது? அவ வாயால பேசல, துணியால என்னக் கேலி பண்ணிக்கிட்டிருந்தா வருஷம் பூரா…

"அம்மா, ரெண்டே நிமிஷம்மா! மெரிட்டுக்கு உடம்பு சரியில்ல, பேசிட்டிருக்கேன்! நீங்க சாப்பிடுங்க, ப்ளீஸ்!"

…அம்மா உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். நாளைக்குக் காலைல முதல் வேலையா விசாரணை. ஹால்வர்சன், பிரின்சிபால், ஓபலோட அப்பா. அந்தாளு லாரிய நிறுத்திட்டு வரானாம். தப்பு அவ மேலதான்னு முடிவாச்சுன்னா இந்த ஸ்கூல் அவளுக்கு அவ்வளவுதான். அந்தக் கண்டிப்பு ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்க, கம்பி வலை போட்டது, கத்தி வச்சிருந்தவனுங்களோட உக்காரணும். ஆனா ஒரு சின்னச் சிக்கல். அவ ஆபீஸ்ல என்ன சொல்லியிருக்கா தெரியுமா? "இது என் தையல் இல்ல மேடம், பின்பக்கம் முடிச்சு முடிச்சா இருக்கு, நான் இப்படித் தைக்க மாட்டேன்"னு. பிரின்சிபாலுக்கு லேசா சந்தேகம் வந்துடுச்சாம்.

அதனால நீ வரணும். காய்ச்சலோட வந்தா இன்னும் நல்லது. "ஓபல் அத தைச்சத நான் பாத்தேன்"னு ஒரு வரி. நீ சொன்னா நம்புவாங்க. அவ வந்த புதுசுல, என் டேபிள விட்டுட்டுப் போய் அவகூட சாப்பிட்டவ நீ ஒருத்திதான…

…என்ன பாத்த?

…செவ்வாக்கிழமையா. சரி. ஜிம்முல. லாக்கர் ரூம்ல. நான் அவ சட்டைய எடுத்து என் பையில வச்சதப் பாத்த. அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?… ஒளிச்சு வச்சு விளையாடப் போறேன்னு நெனச்சியா. ம். நல்ல பொண்ணு. மறுநாள் அங்கயே தொங்க விட்டேன், அவளும் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல அப்படியே மாட்டிக்கிட்டா. காலரப் புரட்டிக்கூடப் பாக்கல.

ஆமாடி, நான்தான் தைச்சேன். வீடியோ பாத்து. விரல்ல மூணு இடத்துல குத்திக்கிச்சு. காலரப் பாருங்கன்னு மேடத்துக்குப் பேர் போடாம சீட்டு வச்சதும் நான்தான். போதுமா? இப்போ உனக்குத் தெரியும். இதுக்கு முன்னாடியும் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்த. அப்போ நீயும் நானும் ஒண்ணுதான்…

இல்ல, ஹால்வர்சனுக்கு எதிரா எனக்கு ஒண்ணும் இல்ல. பாவம் அந்தம்மா. ஆனா வலிக்கிற இடத்துல தைச்சாத்தான எடுபடும்? "மேடத்தோட ஷூ நல்லா இல்ல"ன்னு தைச்சா யாரு நடவடிக்கை எடுப்பா?

மெரிட்… மெரிட், அழாத. மூக்கடைப்போட அழுதா அசிங்கமா கேக்குது. நான் சொல்றதக் கேளு. நீ யாரு? கொஞ்சம் யோசி. போன வருஷம் லைப்ரரி படியில தனியா உக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்த. என் டேபிளுக்கு நான் கூப்பிட்டேன். முடிய வெட்டிக்கச் சொன்னேன். அந்த இடுப்புக்குக் காக்கி ஆகாது, கருப்பு போடுன்னு சொன்னேன். உன்ன ஆளாக்குனது நான். நாளைக்கே நான் எந்திரிச்சுப் போனா அந்த டேபிள்ல உனக்குப் பக்கத்துல எவ உக்காருவா?…

முடியாதா?

சரி. உங்க அம்மா எப்படி இருக்காங்க?… டூசான்ல, உங்க பெரியம்மா வீட்டுலதான் இன்னும் இருக்காங்களா? அங்க வெயில் நல்லாருக்காம்?… அது ஊருக்குச் சொல்ற கதைதான, எனக்குமா? அன்னிக்கு எங்க வீட்டுல தங்குனப்ப, போர்வைக்குள்ள என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னியே. குடிய நிறுத்துறதுக்கு ஆஸ்பத்திரில சேத்திருக்குன்னு. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் கார் ஷெட்டுல சுயநினைவு இல்லாம கெடந்தாங்க, நீதான் இழுத்து வந்து துடைச்சு விட்டேன்னு. நான் யாருக்கும் சொல்லலயே? இதுவரைக்கும் சொல்லல…

மிரட்டல் இல்லடி. நட்பு. நீ என்னக் காப்பாத்து, நான் உன்னக் காப்பாத்தறேன்.

…ம்… ம்… பாரு, அமைதியாயிட்ட. அமைதியா இருந்தா எவ்வளவு நல்லா இருக்க. சரி, இப்போ என்ன போட்டுக்கிட்டு வரணும்னு சொல்றேன், கவனமாக் கேளு, இதுல எனக்கு நல்ல கை. வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டது. கழுத்து வரைக்கும் பட்டன் போடு. மேல அந்தச் சாம்பல் கலரு ஸ்வெட்டர், உன்னக் கொஞ்சம் நோஞ்சானாக் காட்டும். முடிய இறுக்கிப் பின்னாத, தளர்வா, ஒரு கத்தை முகத்துல விழட்டும். கண்ணுக்கு மை வேண்டாம். பொய் சொல்ல வந்தவ மாதிரி இருக்கக் கூடாது. மனசு வராம உண்மையச் சொல்ல வந்தவ மாதிரி இருக்கணும். புரியுதா?…

என்ன?… சத்தமாச் சொல்லு.

…நீலச் சட்டையா? எந்த நீலச் சட்டை?

…ஓபல்கிட்ட எப்போ தைக்கக் குடுத்த நீ?… அக்டோபர்லயே, ஹாலோவீனுக்கு முன்னாடியேவா? இத்தன மாசமா என் டேபிள்ல உக்காந்துக்கிட்டு, காலருக்கு அடியில அவ தையல வச்சுக்கிட்டு… என்ன தைச்சுக் குடுத்தா, தேவதையா?… ஒரு கோழிக்குஞ்சு. ஹா. பயந்தாங்கொள்ளிக்கு ரொம்பப் பொருத்தம். அதப் போட்டுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள வருவியாக்கும். ரெண்டு தையலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுவியாக்கும். செவ்வாக்கிழமை கதையச் சொல்லுவியாக்கும்.

மெரிட், உளறாத. காய்ச்சல்ல உளற… ஃபோன இப்போ ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கையில குரூப் திறந்திருக்கு. நம்ம கிளாஸ் மொத்தமும் இருக்கு இதுல. "மெரிட்டோட அம்மா டூசான்ல இல்ல"ன்னு அடிச்சிட்டேன். குடிகாரி, ஆஸ்பத்திரி, கார் ஷெட்டு, எல்லாம் அடிச்சிட்டேன். விரல வச்சா போயிடும். சொல்லு. வெள்ளைச் சட்டையா, நீலமா?…

…என்ன சொன்ன?

…அப்படியா. சரி. அனுப்பிட்டேன். கேட்டுச்சா அந்தச் சத்தம்? போயிடுச்சு. பாத்துக்கிட்டே இருக்காங்க, ஒருத்தர், ரெண்டு பேர்… ஏழு பேர். டெஸ்ஸா பாத்துட்டா. நாளைக்கு நீ எந்தச் சட்டையப் போட்டாலும் யாரும் சட்டையப் பாக்க மாட்டாங்கடி, குடிகாரி மகளத்தான் பாப்பாங்க. இப்போ சொல்லு, எப்படி இருக்கு?…

…நன்றியா? எதுக்கு எனக்கு நன்றி?

…இனிமே எத வச்சு உன்ன மிரட்டுவேன்னா? என்கிட்ட ஆயிரம் இருக்கு. நீ சொன்னது, சொல்லாதது… யாரு? பின்னாடி யாரு பேசறது? உங்க அப்பாவா? அப்பாகிட்ட ஏன் கார் சாவி கேக்கற? இந்தக் காய்ச்சல்ல எங்க போற?… ஹால்வர்சன் வீட்டுக்கா? இப்பவேவா?

மெரிட், வேண்டாம். மெரிட், கேளு, அத அழிச்சிடறேன், இப்பவே அழிச்சிடறேன், பத்துப் பேர்தான் பாத்திருக்காங்க, விளையாட்டுன்னு சொல்லிடலாம். நாளைக்கு நீ வரவே வேண்டாம், வீட்டுலயே படுத்துக்கோ… மெரிட், உனக்கு இருமல் அதிகமா இருக்கு, கோட்டுப் போடாம வெளிய… அந்தச் சட்டைய மட்டும் போடாத. நீலம் உனக்கு நல்லாவே இருக்காதுடி, உன் மூஞ்சிக்கு அது… ஹலோ?

மெரிட்?