தாய்க்குரங்கு மார்க்

முதலில் இந்த மோரைக் குடி, மகளே. ஸ்டேஷனிலிருந்து இந்த வெயிலில் பைக்கில் வந்திருக்கிறாய். காக்கிச் சட்டை முதுகெல்லாம் நனைந்து கிடக்கிறது. மெதுவாகவே எழுது. ஓடிப்போகிற வயது எனக்கு இல்லை.

என் பெயர் ரெபேக்காள். முப்பது வருஷமாகத் தென்காசியில் சின்னக் கம்பெனிகளுக்கு லேபிள் வரைகிறேன். அப்பளம், ஊதுபத்தி, குளியல் எண்ணெய். யாரிடமும் படித்ததில்லை. நம் ஊர்ச் சனம் கடையில் பெயர் சொல்லிக் கேட்காது. ஆனை மார்க் கொடு, மயில் மார்க் கொடு என்றுதான் கேட்கும். எழுதியிருப்பதை வாசிக்காது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இங்கே கிடையாது. அதற்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்.

குற்றாலத்தில் எப்சிபா, பிள்ளைகளின் வயிற்று வலிக்கு ஓமத்தண்ணீர் காய்ச்சி விற்க ஆரம்பித்தபோது லோகோ கேட்டு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே என் சிநேகிதி. ஐந்தருவிப் பக்கம் நான்கு நாள் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்தேன். குட்டியை வயிற்றோடு அணைத்த தாய்க்குரங்கை வரைந்து பச்சை வட்டத்துக்குள் வைத்தேன். ஒரே வருஷத்தில் அந்தப் பாட்டில் இல்லாத கடை இல்லை.

சர்ச் மாதர் சங்கக் கூட்டத்தில் பெர்சிஸ் என்றொருத்தி அந்தப் படத்தைப் புகழ்ந்தாள். எப்சிபா சிரித்தாள்.

"அது என்னட்டீ பெரிய படம். ரெபேக்கா கிறுக்குனது. சனம் ஓமத்துக்குல்லா வருது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேக்கும் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் குத்தாலிங்கம் என்று ஒரு பையன் வந்தான். தரை துடைக்கிற மருந்து போடுகிறானாம். வீடு வீடாகச் சின்ன பாட்டில் இலவசமாகக் கொடுக்கப் போகிறானாம். எப்சிபாவின் பாட்டில் அளவுதான் அதுவும். அதே தாய்க்குரங்கைக் கொடுத்தேன். முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பினேன். பச்சையை மாற்றவில்லை.

அவன் கேட்கத்தான் செய்தான். "ஆச்சி, குடிக்கக் கூடாதுன்னு முன்னால சேப்புல பெருசா போட்டுருவமா?"

"படம் கெட்டுப்போகும்லே. பின்னால போட்டுக்கிடலாம்."

பின்னால் போட்டேன். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

யாருக்கும் பெரிய கெடுதல் வரும் என்று நான் நினைக்கவில்லை. யாராவது ஒரு மடக்கு வாயில் வைத்துத் துப்புவார்கள், எப்சிபாவின் பெயர் கொஞ்சம் கெடும், சனம் எதற்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் நினைத்தேன். ஓமத்தண்ணீரைக் குடிப்பது யார் என்பதை மட்டும் நினைக்காமல் இருந்துகொண்டேன்.

அச்சன்புதூர் மாரி நாற்று நடப் போகிறவள். எட்டு மாதப் பிள்ளை வயிறு உப்பி அழுதிருக்கிறது. வாசலில் கொடுத்துவிட்டுப் போன பாட்டில் வீட்டில் இருந்தது. குரங்குப் படம். ஒரு சங்கு புகட்டியிருக்கிறாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பிள்ளை போய்விட்டது.

எப்சிபா ஓமம் காய்ச்சுகிற அடுப்பையே அணைத்துவிட்டாள். குத்தாலிங்கத்தை நீங்கள் பிடித்துப் போனீர்கள். போன வாரம் உங்கள் ஏட்டையா வந்தபோது, அதே படம்தான் வேண்டும் என்று அவன் அடம்பிடித்ததாகச் சொன்னேன். அது பொய். அவன் மயில் கேட்டான். அவனை விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட முடிகிறது. இனிச் சொல்லப்போவதுதான் நாக்கில் வர மறுக்கிறது.

ஏட்டையா அன்று பாட்டிலை இந்த மேசையில் வைத்து, மாரி சொன்னதை வாசித்துக் காட்டினார். "படத்தப் பாத்துதான்யா குடுத்தேன்." வாசித்துவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினேன். அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், பாவம்.

நான் அழவில்லை, மகளே. மாரி சொன்ன அந்த வார்த்தையைக் கேட்க எப்சிபா பக்கத்தில் இல்லையே என்றிருந்தது.