கேமராவுக்குத் தனி பேட்டரி

“குஞ்சுங்க முழிச்சாச்சா?” என்று கேட்பார் என் கணவர் ரிஸ்பெக்.

“பெருசு முழிச்சிருக்கு. சின்னது இன்னும் புரண்டு படுக்குது.”

“அது கேமராவோடது. அதுக்குச் செல்லம் ஜாஸ்தி. உன்னை மாதிரி.”

“என்னை யாருங்க கொஞ்சறது? பேட்டரியைத்தான் கொஞ்சறீங்க.”

“ரெண்டும் ஒரே இடத்துலதானே இருக்கு. யாரைக் கொஞ்சினா என்ன?”

பனிக்காலக் காலைகளில் எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு இது. நாங்கள் சண்டைக்காரத் தம்பதி என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். பதினேழு வருடத்தில் ரிஸ்பெக் என்னிடம் குரல் உயர்த்தியது கிடையாது.

எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. மெதுவாகத்தான் சொல்லப்போகிறேன். என் பெயர் துர்சுனை. வயது நாற்பத்தொன்று. தையல் வேலை.

நீங்களும் இந்த நரின் மலைப் பக்கத்துக்காரர்தான். குளிர்காலத்தில் குதிரைகள் பனியைக் குளம்பால் கிளறி மேய்ந்துகொண்டே மலை தாண்டிப் போய்விடுவது உங்களுக்குத் தெரியும். மந்தை கண்ணில் படாவிட்டால் மேய்ப்பர்கள் ரிஸ்பெக்கிடம் வருவார்கள். பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் அவர். ரேடியோவில் ஓட்டும் விமானம் ஒன்றை நுரைப்பலகையில் தாமே செய்து வைத்திருந்தார். அதன் மூக்கில் சிறிய வீடியோ கேமரா. அது பார்ப்பதை இவர் கீழே நின்று திரையில் பார்ப்பார். குதிரைக்காரன் ஒரு நாள் முழுக்க அலைந்து தேடுவதை இருபது நிமிடத்தில் தேடிவிடுவார்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. விமானத்தில் இரண்டு பேட்டரி. சோப்புக்கட்டி அளவில் பெரியது ஒன்று, விசிறிக்கும் ரேடியோவுக்கும். தீப்பெட்டி அளவில் சின்னது ஒன்று, கேமராவுக்கு மட்டும். முதல் வருடம் எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரியைத்தான் வைத்திருந்தார். கேமரா இழுத்த இழுப்பில் ரேடியோவுக்குக் கரண்ட் போதாமல் விமானம் ஆற்றில் விழுந்தது. ஈரத்தோடு அதைத் தூக்கி வந்து, “இனிமே கேமராவுக்குத் தனிச் சாப்பாடு. அது பட்டினி கிடந்தாலும் விமானம் வீடு வந்து சேரும்,” என்றார்.

குளிரில் இந்த பேட்டரிகள் மரத்துப்போகும். அளந்து பார்த்தால் முழுதாக இருப்பதாகவே காட்டும். வேலை கொடுத்ததும் படுத்துவிடும். அதனால் விமானம் கிளம்பும் நிமிடம் வரை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். நான் கம்பளித் துணியில் பை தைத்து, கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவருடன் போவேன். ஏழு குளிர்காலம் அப்படிப் போயிருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பெர்மெத் போன இலையுதிர் காலத்தில் கால்நடை மருத்துவராக வந்தாள். முப்பது வயது, கெட்டிக்காரி. அவளைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மந்தை இருக்கும் இடம் தெரிந்தால் அப்படியே போய் வைத்தியம் பார்த்துவிடலாம் என்று எங்கள் ஜீப்பில் வர ஆரம்பித்தாள். நான் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டேன். அவளிடம் மருந்துப் பெட்டி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொள்ள முன் சீட்டுதான் வசதி.

குழாயடியில் பக்கத்து வீட்டு சொனுன் கேட்டாள். “உன் வீட்டுக்காரர் வானத்துல பறக்கறாரு. நீ பின் சீட்டுல பறக்கறியாமே?”

“குலுங்காம இருக்கு,” என்றேன்.

பனி வெளிச்சத்தில் திரை தெரியாது. அதைச் சுற்றி அட்டையில் கூடு மாதிரி வைத்து, அதற்குள் முகத்தை நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். எங்களுடையது ஒரு முகத்துக்கு வெட்டிய கூடு. டிசம்பரில் ஒரு நாள் அவர் அதை அடுப்பில் போட்டுவிட்டு, அகலமாக வேறொன்று வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

“எதுக்குங்க இவ்வளவு பெருசு?”

“பெருசா இருந்தா வசதிதானே.”

“ஏழு வருஷமா வசதி இல்லாமயா இருந்துச்சு?”

“நீ ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருக்கியா? உனக்கெப்படித் தெரியும்?” என்று சிரித்தார்.

மறுநாள் இரண்டு தலைகள் அந்தக் கூட்டுக்குள் இருந்தன. நான் பின்னால் நின்று இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து அவர் சிரிப்பது கேட்டது. அவர் சிரிப்பை நான் அதுவரை முகத்தோடுதான் கேட்டிருக்கிறேன்.

ஜனவரியில் எனக்குக் காய்ச்சல். ஆனாலும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெர்மெத் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, இப்படிக் கொதிக்குது, நீங்க எதுக்கு வர்றீங்க? பையைக் குடுங்க. இன்னிக்கு ஒரு நாள் நான் கட்டிக்கறேன்.”

“பழகினவங்கதான் வச்சுக்கணும்,” என்றேன்.

“கன்னுக்குட்டியையே கோட்டுக்குள்ள வச்சுத் தூக்கியிருக்கேன், அக்கா. இது என்ன பிரமாதம்?”

“குடுத்துடு துர்சுனை, உனக்குத்தான் முடியலையே,” என்றார் ரிஸ்பெக்.

கழற்றிக் கொடுத்தேன். அவள் அங்கேயே கோட்டைத் திறந்து மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் பை திரும்பி வந்தபோது அயோடின் வாசனை அடித்தது. ஐந்து முறை துவைத்தேன், போகவில்லை. அதை எரித்துவிட்டு வேறு பை தைத்தேன். சாம்பல் நிறம் போய்ப் பச்சை வந்ததை அவர் கவனிக்கவில்லை.

மார்ச் நான்காம் தேதி, மேல் மேய்ச்சலில் ஒரு பெண் குதிரைக்கு வயிற்றில் குட்டி குறுக்கே கிடக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். பெர்மெத் தனியாகக் குதிரையேறிப் போனாள். மத்தியானத்துக்கு மேல் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை புயல் ஓய்ந்தபோது அவளுடைய குதிரை சேணத்தோடு தனியாக வந்து நின்றது.

ஆட்கள் திரண்டார்கள். அங்கே மலை மூன்று பள்ளத்தாக்குகளாகப் பிரிகிறது. எதில் இருக்கிறாள் என்று தெரியாது. ரிஸ்பெக் தேநீர்கூடக் குடிக்கவில்லை. ஜீப்பில், “சூடா இருக்கா? சூடா இருக்கா?” என்று மூன்று முறை கேட்டார். குஞ்சு என்று சொல்லவில்லை. பெர்மெத் இல்லாததால் நான் முன் சீட்டில் இருந்தேன்.

மலையடிவாரத்தில் அவர் இறக்கையைப் பூட்டினார். அவசரத்தில் திருகாணியைப் பனியில் தவறவிட்டுத் தேடியதில் நேரம் பிடித்தது. நான் ஜீப்புக்குப் பின்னால் போய், பையிலிருந்து சின்ன பேட்டரியை எடுத்துச் சக்கரத்தின் ஓரம் பனியில் புதைத்தேன். பெரியதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டேன். விமானத்துக்கு ஆபத்து வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அரை மணி நேரம் இருக்கும். அவர் கூப்பிட்டதும் அதைத் தோண்டி எடுத்து, மேல்புறம் சூடாகும் வரை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். வழக்கம்போல் அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“நல்லாருக்கு,” என்றார். “நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்.”

முதல் பள்ளத்தில் யாரும் இல்லை. இரண்டாவது பள்ளத்துக்குள் திரும்பும்போது திரை கறுத்துப்போனது. அவர் முன்பே செய்து வைத்திருந்த ஏற்பாட்டின்படி விமானம் கிளம்பிய இடத்துக்குத் தானாகவே திரும்பி வந்து இறங்கியது. கேமராவுக்கு எப்போதும் கூடுதலாகக் கொண்டுவரும் மாற்று பேட்டரி எங்கே என்று கேட்டார். மேசையில் மறந்து வைத்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் கம்பியைப் பல்லால் உரித்து, கேமராவைப் பெரிய பேட்டரியிலேயே முறுக்கிவிட்டார்.

“வேண்டாங்க. ரேடியோ போயிடும், விழுந்துடும்.”

“விழட்டும். அந்தப் பள்ளத்தைப் பார்த்துட்டு விழட்டும்.”

பார்க்கவில்லை. பள்ளத்தின் வாயிலேயே பாறையில் மோதி நொறுங்கியது. எத்தனை இரவு உட்கார்ந்து இழைத்துச் செய்தது தெரியுமா? அந்த விமானத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

குதிரைக்காரர்கள் மூன்றாவது பள்ளத்துக்கு முதலில் போனார்கள். பெர்மெத்தை இரண்டு நாள் கழித்து, இரண்டாவது பள்ளத்தில், அந்தப் பாறையிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி ஒரு ஜூனிப்பர் மரத்தடியில் கண்டெடுத்தார்கள். கால் முறிந்திருந்தது. கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கிளையில் கட்டி வைத்திருந்தாளாம், சிவப்புத் துண்டு. விமானம் போன அன்று சாயங்காலம் வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விமானச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இருக்கலாம். காற்று எங்கள் பக்கமிருந்துதான் அடித்தது.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குதிரைக்காரர்கள் அவளைத் தூக்கி வந்திருந்தால் நானே சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவர் கண்ணில் அவள் அகப்படக் கூடாது, அவ்வளவுதான். என் உடம்புச் சூட்டை வைத்து அவளைத் தேடிக் கண்டுபிடித்து, அந்தக் கதையை ஊர் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, நான் கேட்டுக்கொண்டிருப்பதா? கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் நீங்களும் என்னைத் தப்பு சொல்ல மாட்டீர்கள்.

முந்தாநாள் அவருடைய வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கூட்டை அகலமாக வெட்டச் சொன்னதே பெர்மெத் என்று அதில் இருக்கிறது. ‘அக்கா பின்னாடியே நிக்கறாங்க. அவங்களையும் கூப்பிட்டுக் காட்டுங்க’ என்று அவள் பல முறை சொன்னாளாம். அத்தனை வருடம் கூப்பிடாமல் இருந்துவிட்டு இப்போது கூப்பிட இவருக்குத்தான் கூச்சமாக இருந்ததாம். அவர் இளகிய மனசுக்காரர். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் சொல்வார்.

இப்போது அவர், ‘கம்பியை முறுக்கியது நான், விமானத்தை விழவைத்தது நான், அவளைக் கொன்றதும் நான்’ என்று உங்களிடம் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வர மாட்டேன் என்று உங்கள் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் கொண்டுவரும் ரொட்டியைத் தொடுவதில்லை. கண்ணை மூடினால் திரை தெரிகிறது என்கிறார். அந்தத் திரையில் யார் தெரிகிறாள் என்று நான் கேட்கவில்லை. பதினேழு வருடத்தில் எனக்காக அவர் ஒரு வேளை பட்டினி கிடந்தது கிடையாது.

மூன்று நாளாக ரொட்டியைச் சாக்கிட்டு இந்த அறை வாசல்வரை வந்து திரும்பிப் போனேன். எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. வக்கீலும் வேண்டாம். பேட்டரியைப் புதைத்தது நான். தெரிந்தேதான் புதைத்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், தம்பி. உங்கள் கோப்பின் முதல் தாளில் அவள் பெயரும் அவர் பெயரும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மேசை மேல் கிடந்தபோது பார்த்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அவர்கள் இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்து எழுதாதீர்கள்.