காலைப் பொட்டலத்தின் வெள்ளை மாத்திரை

உங்கள் அலுவலகக் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான். ஆனாலும் முழுவதும் குடித்துவிட்டேன். கொடுத்ததை மீதி வைத்து எனக்குப் பழக்கமில்லை. பதிவு செய்யும் கருவி ஓடுகிறதா? சரி, அப்படியானால் முதலிலிருந்தே சொல்கிறேன். எனக்கும் இன்று வேறு வேலை ஒன்றும் இல்லை.

என் பெயர் ஜொங்மி. கிதே என் வீட்டுக்காரர். இதே குன்சானில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பதினெட்டு வருடமாக ஆசிரியர். என்னைக் கட்டிக்கொண்டபோது கொஞ்சம் பூசினாற்போல இருந்தார். இருபத்து மூன்று வருடம் என் கையால் சாப்பிட்டு நூற்று நாற்பத்தாறு கிலோ ஆனார். அவர் ஏறி உட்கார்ந்தால் கார் ஒரு பக்கம் சாய்கிறது என்று படிக்க வருகிறவர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்கு அதில் பெருமைதான். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. வஞ்சனையில்லாமல் சாப்பிடுகிற ஒரு மனிதருக்குச் சமைத்துப் போடுவதுதான் என் வாழ்க்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பிறகு சர்க்கரை வந்தது, முழங்கால் போனது. டாக்டர் வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். நான் மறுக்கவே இல்லை. கையெழுத்துப் போட்டதே நான்தான். அறுவை முடிந்ததும் ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான் வயிறு மிச்சமிருந்தது. எடையும் மளமளவென்று இறங்கியது. சிக்கல் அதற்கப்புறம்தான். வயிறு சுருங்கியதே தவிர ஆசை சுருங்கவில்லை. காரில் பிஸ்கட், சட்டைப்பையில் காய்ந்த கணவாய் என்று நாள் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருப்பார். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுப்பார். முகம் துடைத்துக்கொண்டு வந்து மறுபடியும் கொறிப்பார்.

"வயித்தைத்தான் நாங்க வெட்டினோம், மனசை இல்லையே. இதுவும் ஒரு நோய்தான், வெட்கப்பட ஒண்ணுமில்ல. இதுக்கு மருந்து இருக்கு" என்றார் டாக்டர். அப்படி வந்ததுதான் அந்த வெள்ளை மாத்திரை.

அது வேலை செய்தது. மூன்றே வாரத்தில் ஆள் மாறிவிட்டார். ஒருநாள் ஆறு வாய் சாப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார். சிறுபிள்ளை போலச் சிரித்தார்.

"தலைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிட்டே இருந்துச்சும்மா. அதைத் தின்னு, இதைத் தின்னுன்னு. இப்ப யாரோ நிறுத்திட்டாங்க. எவ்ளோ அமைதியா இருக்கு தெரியுமா?"

நானும் சிரித்தேன். அந்த ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை.

அதன்பின் ஏரியைச் சுற்றி நடக்கிற குழுவில் சேர்ந்தார். புதுச் சட்டைகள் வாங்கினார். கடையில் ஒருத்தி என்னிடம் "உங்க தம்பியா?" என்று கேட்டாள். வீட்டில் நான் கொதிக்கவைத்த குழம்பு அப்படியே இருக்கும். "இனிமே எனக்காகச் சமைச்சுக் கஷ்டப்படாதே. நீயும் வெளிய போ, நாலு பேரைப் பாரு" என்றார் ஒருநாள். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் கேட்டதும், இந்த மனிதர் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே போகிறார் என்று பயந்தேன்.

மருந்துக்கடையில் ஒவ்வொரு வேளை மாத்திரைகளையும் ஒரு சின்னப் பொட்டலத்தில் போட்டு ஒட்டி, சரம் சரமாகத் தருவார்கள், உங்களுக்குத் தெரியாததா? அவருடைய காலைப் பொட்டலத்தில் மஞ்சளில் ஒரு வைட்டமின், பழுப்பில் ஓர் இரும்புச்சத்து, அப்புறம் இந்த வெள்ளை. நான் பொட்டலத்தின் ஓரத்தை நூலளவு கத்தரிப்பேன். வெள்ளையை மட்டும் தட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் ஒரு ஜீரண மாத்திரையைப் போடுவேன். முடி நேராக்குகிற ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்கி மூன்று எண்ணும்வரை அழுத்தினால் பொட்டலம் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் ஒன்று கருகிப்போனது. அப்புறம் கை பழகிவிட்டது. ஜீரண மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்யாது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஏம்மா, சாப்பிட எதாச்சும் இருக்கா?"

எத்தனை மாதமாயிற்று அந்தக் கேள்வியைக் கேட்டு! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லாமல் இருக்குமா? காலையிலிருந்தே அடுப்பில் மாட்டெலும்பு சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

அவர் அதை அவ்வளவு சந்தோஷமாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மைதான். திருட்டுத்தனமாகச் சாப்பிட்டார், குளியலறைக் குழாய் மறுபடி திறந்தது. நடைக்குழுவுக்குப் போவது நின்றது. அக்டோபரில் ஒருநாள் என் மடியில் தலைவைத்து அழுதார். "மருந்தையே தோக்கடிச்சிட்டேம்மா. நான் மனுஷனே இல்ல." நான் தலையைக் கோதிவிட்டேன். "யார் சொன்னது? நான் இருக்கேன்ல" என்றேன். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் அவர் என் மடியில் இருந்தார்.

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து அவர் அசந்துபோனார். "இப்படி ஒரு சம்சாரம் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்" என்றார். பிறகு ஒரு வெள்ளைக்குப் பதில் இரண்டு எழுதிக்கொடுத்தார். நானும் இரண்டு ஜீரண மாத்திரை போட்டேன்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிற நாள். நாற்பது முட்டைக்கோஸ். உதவிக்குக் கிதேயின் அக்கா ஒக்பூன் வந்திருந்தாள். வேலை முடிந்ததும் பன்றி இறைச்சியை வேகவைத்து, சுடச்சுட, புதுக் கிம்ச்சியோடு வைத்தேன். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டி அடுத்தவர் வாயில் ஊட்டுவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. ஊட்டினால் ஒரே வாயில் வாங்கிக்கொள்ள வேண்டும், பாதி கடிக்கக் கூடாது, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பினால் ஊட்டியவரை அவமதித்ததாகும். கிதேக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். நல்ல குடும்பத்துப் பிள்ளை.

நான் சுருட்டினேன், அவர் வாயைத் திறந்தார். இன்னொன்று சுருட்டினேன்.

"ஏய், போதும் விடு. அவன் மூஞ்சியைப் பாரு, வெளிறிப்போச்சு" என்றாள் ஒக்பூன்.

"ஒரே ஒரு வாய் அண்ணி, அவ்ளோதான்."

"ஒரே ஒரு வாய்னு எத்தனை தடவைடி சொல்லுவே? அவன் வயிறு இத்துனூண்டு."

கிதே என்னைப் பார்த்தார். "என்னால முடியலம்மா" என்று முணுமுணுத்தார். நான் கையை நீட்டியபடியே இருந்தேன். வாயைத் திறந்தார். ஒன்பது உருண்டை என்று ஒக்பூன் உங்களிடம் சொன்னாளாம். பதினொன்று. வாயை மூட முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது அவருக்கு. எனக்கும் வந்தது, எனக்கு அது சந்தோஷத்தில்.

பிறகு குளியலறைக் குழாய் திறந்தது. வெகுநேரம் மூடவில்லை. வாந்தி எடுத்த வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

மீதிப் பொட்டலங்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்களாம். மருந்துக்கடை இயந்திரம் கட்டம் கட்டமாக ஒட்டுமாம், என்னுடையது வழவழவென்று இருந்ததாம். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற போலீஸ்காரர்கள் இருப்பது ஊருக்கு நல்லதுதான். ஆமாம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து எண்பத்தேழு பொட்டலம், எல்லாம் நான் செய்ததுதான். யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்த மாத்திரைகளை நான் வீணாக்கவும் இல்லை, தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

பிழைத்துக்கொள்வார் என்று நேற்று சொன்னீர்கள், அதுவே போதும். இன்னும் இரண்டு மாதம் வாய்வழியாக ஒரு சொட்டுக்கூடக் கிடையாதாமே, எல்லாம் குழாய் வழியாகத்தானாமே. பாவம். பேச முடியாததால் ஒரு தாளில் எழுதிக் காட்டினார் என்றீர்கள், இனி ஆயுசுக்கும் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன். வெறும் வயிற்றோடு படுத்திருக்கிற மனிதர் வேறு என்னதான் எழுதுவார்?